பூட்டுவதற்கு மட்டும்

டில்லியில் ராஜாவுக்கு முடிசூட்டியதற்கு அடுத்த வருஷம், பங்குனி மாதத்தில், தூத்துக்குடியிலிருந்து வண்டியில் வந்த துணி மூட்டை ஒன்று சரிந்து என் புருஷன் காலில் விழுந்தது. அவர் மூட்டை தூக்குகிறவர் இல்லை. திருநெல்வேலி டவுணில் ரத வீதியில் வரிசையாக இருந்த ஏழு கடைகளை அந்தியில் பூட்டி, விடிந்ததும் திறந்து கொடுப்பதுதான் அவருக்கு வேலை. வண்டிக்காரன் கூப்பிட்டானே என்று கை கொடுக்கப் போனார்.

அவர் படுத்ததும் நான் போனேன். முதலாளிமார் முதலில் முனகினார்கள். ஆனால் சாவிக் கொத்தை வெளியாளிடம் கொடுக்கவும் மனசில்லை. என் அப்பா ஒரு மண்டியில் கணக்கெழுதியவர். "கணக்கப்பிள்ளை மகதானே, நம்பலாம்" என்று விட்டுவிட்டார்கள்.

கடைகளுக்குக் கதவு கிடையாது. பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி, குறுக்கே இரும்புப் பட்டையை மாட்டி, இரண்டு முனையிலும் பித்தளைப் பூட்டுப் போட வேண்டும். பூட்டியபின் தொங்கி இழுத்துப் பார்க்க வேண்டும். காலையில் திறந்து, வாசல் தெளித்துக் கோலமும் போட்டுவைப்பேன். பாத்திரக்கடைக்காரர்தான் அந்த வரிசைக்கே பெரியவர். அவர் சொன்னால் மற்றவர்கள் மறுத்துப் பேசமாட்டார்கள். ஒருநாள் அவரே என்னிடம் சொன்னார்: "ஒன் கைராசி நல்லாருக்கு தாயி. நீ தெறக்க ஆரம்பிச்சதுலருந்து காலம்பறயே போணி ஆயிருது."

ஆடியில் என் புருஷன் இறந்துபோனார். கால் புண் புரையோடி, காய்ச்சல் கண்டு, கடைசியில் என்னை அடையாளம் தெரியாமலே போனார்.

காரியமெல்லாம் முடிந்தபின் பாத்திரக்கடை அண்ணாச்சி என்னைக் கடைக்குப் பின்னால் உள்ள சந்துக்கு வரச் சொன்னார். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கோவிச்சுக்கிடாத. காலையில தெறக்க ஒன் கொழுந்தனைச் சொல்லியிருக்கோம். அந்திக்குப் பூட்டுததுக்கு மட்டும் நீ வா."

"ரெண்டும் இதே கைதான அண்ணாச்சி?"

"அது வேற, இது வேற. விடிஞ்சதும் ஒன்னைய மாதிரி ஆளு கை வச்சா கடை வெளங்குமா? நீயே சொல்லு."

நானே சொல்ல வேண்டுமாம். அவர் எடுத்த முடிவைவிட அந்தக் கேள்விதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கொழுந்தன் எங்கள் வீட்டிலேயே அடுத்த அறையில் குடியிருந்தார். வெயில் முகத்தில் அடிக்கும்வரை எழுந்திருக்கமாட்டார். ஆவணி பிறந்து கொஞ்ச நாளிலேயே என்னிடம் வந்து நின்றார்.

"மதினி, வெள்ளனப் போயி பூட்டை மட்டும் தெறந்து தொங்க விட்டுட்டு வந்துருங்க. அவுஹ வாரதுக்குள்ள நான் போயிப் பலகையை எடுத்துருதேன்."

"யாரும் பாத்தா?"

"யாரு பாக்கப் போறா? எனக்கு வேலை போச்சுன்னா வெளியாளை வைப்பாஹ. அவன் ஒங்களைப் பூட்டத்தான் விடுவானா?"

அதில் நியாயம் இருந்தது. அதனால் போனேன். கோலம் போட எனக்கு உரிமையில்லை. பூட்டுகளைத் திறந்து, திறந்தது தெரியாதபடி தொங்கவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு திரும்பிவிடுவேன். பிறகு கொழுந்தன் போய்ப் பலகைகளை எடுப்பார். அந்த ஐப்பசியில் தீபாவளி வியாபாரம் அமோகம். "இப்படி ஒரு யாவாரம் நான் கண்டதில்லைவே" என்று பாத்திரக்கடைக்காரர் அந்தியில் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னதைப் பூட்டோடு நின்று கேட்டேன்.

மார்கழி வந்தது. இருட்டோடு கோயிலுக்குப் போகிறவர்கள் தெருவில் நடமாடினார்கள். ஒருநாள் பாத்திரக்கடைப் பூட்டில் சாவியைத் திருப்பும்போது பின்னால் செருமல் கேட்டது. குளித்து விபூதி பூசி அண்ணாச்சி நின்றிருந்தார்.

"எத்தனை நாளா நடக்கு இது?"

"ஆவணியிலேருந்து."

"பாவி! எங்க குடியைக் கெடுக்கவா வந்த?"

எனக்கும் பொறுக்கவில்லை. "தீவாளிக்கு இப்படி யாவாரம் கண்டதில்லைன்னு சொன்னீயளே அண்ணாச்சி, அன்னைக்கெல்லாம் நான்தான் தெறந்தேன்" என்றேன்.

அவருக்கு அது காதில் ஏறவே இல்லை. "வாய் வேற நீளுதா? சாவியைக் கீழ போடு" என்றார். கையில் வாங்கக்கூட மாட்டார். தரையில் வைத்தேன்.

அன்றே கடைகளைக் கழுவி, பூசணிக்காய் உடைத்தார்கள். திண்டுக்கல்லிலிருந்து புதுப் பூட்டுகள் வரவழைத்தார்கள். கொழுந்தனையும் விரட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர் போய்க் காலில் விழுந்து, "நான் உறங்கும்போது மதினி சாவியை எடுத்துட்டுப் போயிருக்காஹ. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அழுதாராம். அவர் வேலை நிலைத்தது. பூட்டும் வேலையும் அவருக்கே போனது.

நான் அம்பாசமுத்திரத்தில் என் அண்ணன் வீட்டோடு போய்ச் சேர்ந்து, நெல் குத்திப் பிழைத்தேன். சில வருஷம் கழித்துக் கொழுந்தன் தன் மகள் கல்யாணத்துக்குச் சொல்ல வந்தார். உடம்பு பருத்திருந்தது. பழசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

"முகூர்த்தம் முடிஞ்சு, பந்தி போடுத நேரத்துக்குப் பைய வந்தாப் போதும் மதினி."

"நெல்லு கெடக்கு, வர முடியாது" என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை.