கழுவாத கொட்டகை

சுகாதார ஆய்வாளர் கொடுத்துவிட்டுப் போன நோட்டீஸை அம்மாவுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். எங்கள் கொட்டகையின் சாணத் தண்ணீர் தெருக் கால்வாயில் ஓடி ஏரியில் கலக்கிறது. ஒரு மாதத்துக்குள் நிறுத்தாவிட்டால் மூன்று மாடுகளையும் பம்மலை விட்டு அப்புறப்படுத்த வேண்டும். அந்த மாடுகளின் பாலில்தான் நான் கல்லூரிவரை படித்தேன்.

“நான் பார்த்துக்கறேம்மா” என்றேன். படித்த கர்வம் எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன்.

சாணத்தைத் தண்ணீர் விட்டுத் தள்ளாமல் வாரி எடுத்து, மரப்பட்டறைத் தூளும் காய்ந்த இலையும் கலந்து மக்க வைப்பதென்று திட்டம் போட்டேன். முதல் குவியலை, நாற்றம் வெளியே வரக்கூடாதென்று பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடினேன். காற்றில்லாமல் அது அழுகி நாறியதில், பக்கத்து வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன.

“இன்னாடி, காலேஜுல இத்தத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?” என்று பக்கத்து வீட்டு அக்கா கத்தினாள்.

தாளைப் பிரித்து, இன்னும் தூள் சேர்த்து, நான்கு நாளுக்கு ஒருமுறை கிளறினேன். நாற்றம் போனது. உள்ளே கை வைத்தால் சுட்டது; ஒழுங்காக மக்குகிறது என்று அர்த்தம்.

அம்மாவுக்குத்தான் கஷ்டம். இருபத்தைந்து வருஷமாகக் காலையும் மாலையும் ஹோஸ் பிடித்துக் கொட்டகையைக் கழுவியவள். எனக்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

ஆய்வாளர் வரும் நாளன்று பால் ஊற்றிவிட்டுத் திரும்பினேன். கொட்டகைத் தரை பளபளத்தது. பழுப்புத் தண்ணீர் வாசலைத் தாண்டிக் கால்வாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

“அய்யோ, இன்னாம்மா பண்ணிட்ட! மாட்டையே ஓட்டிக்கினு பூடுவாங்கம்மா!”

“ஆபீசர் வர்றாரு. படிச்ச பொண்ணு கீற வூடு இப்டி கீதேன்னு உன்னத்தானே சொல்லுவாரு?” ஹோஸிலிருந்து தண்ணீர் அவள் காலடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

என் கோபம் இறங்கிவிட்டது. குழாயை மூடிவிட்டு, மூன்று மூட்டை மரத்தூளைத் தண்ணீருக்குக் குறுக்கே கொட்டினேன். அம்மாவும் மண்டியிட்டு, ஊறிய தூளை இரண்டு கையாலும் வாரினாள். அப்படி இருக்கும்போதே ஆய்வாளரின் பைக் வந்து நின்றது.

“என்னம்மா இது?”

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “நான்தான் சார் கழுவிட்டேன். பொண்ணு வேணாம்னுதான் சொல்லிச்சு.”

அவர் கால்வாயைக் குனிந்து பார்த்தார். எங்கள் தண்ணீர் தூளோடு நின்றிருந்தது, ஒரு சொட்டும் அதில் இறங்கவில்லை. குவியலுக்குப் போய் ஒரு குச்சியால் கிளறி, மூக்கருகே கொண்டுபோனார்.

“மண் வாசனைதான் வருது. சரி, மாடுங்க இருக்கட்டும். அந்த ஹோஸை மட்டும் கழட்டிடுங்க.”

“மாட்டைக் குளிப்பாட்டணுமே சார்?”

“ஒரு வாளி தண்ணி. அதுவும் தூள் போட்ட எடத்துல நிக்க வச்சு.”

“மாடு மூணு கீது சார்” என்றாள் அம்மா.