கும்மிடிப்பூண்டி ரயிலில் ஒரு தூக்கம்

சென்ற ஆண்டு மார்கழியில், ராயபுரத்தில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறிய ஒரு காலையில் நடந்தது இது. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய பெண்களுக்கு அரசு இலவசமாக நடத்தும் பயிற்சியில் சேர்ந்து, கரன்ட் பெட்டிகளுக்கு வயரிங் செய்யக் கற்று முடித்திருந்தேன். அத்திப்பட்டு புதுநகர் பக்கம் ஒரு கம்பெனி எங்களை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தது. ஒன்பது மணிக்குள் கேட்டைத் தாண்டாதவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு கிடையாது என்று பயிற்சி கொடுத்தவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்குப் பார்த்துத்தானா அம்மாவுக்குக் காய்ச்சல் வர வேண்டும்? அவள் இறால் உரிக்கிற இடத்தில் ஒரு நாள் போகாவிட்டால் மறுநாள் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அதனால் விடிவதற்கு முன்பே அவளுக்குப் பதில் நான் போய் உரித்துக் கொடுத்தேன். பிறகு ஓடி வந்து குளித்து, இருப்பதில் நல்ல சுடிதாராகப் பார்த்துப் போட்டுக்கொண்டு ரயிலைப் பிடித்தேன். மகளிர் பெட்டியில் உட்கார்ந்ததும் கண் சொருகியது.

பக்கத்தில் பூக்கூடையோடு ஓர் அக்கா. "அக்கா, புதுநகர் வந்தா எழுப்பி வுடுறீங்களா? வேலைக்கு செலக்சன் கீது" என்றேன்.

"நீ தூங்கு கண்ணு, நான் கீறேன்ல."

அவர் எங்கே இறங்குவார் என்று கேட்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் பனிக்குள் நடந்ததுபோல்தான் ஞாபகத்தில் இருக்கிறது. முதலில் மல்லி வாசனை. கொஞ்ச நேரத்தில் அது ஆஸ்பத்திரி வாசனையாக மாறியது. யாரோ என் தலையை மெல்லத் தூக்கி இன்னொரு தோளில் சாய்த்தார்கள். ரயில் எங்கோ நின்றது. நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கனவில் அம்மா கடல்மேல் நடந்து வந்தாள். தண்ணீர் அவள் கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு நிம்மதியாக நான் தூங்கியதே இல்லை.

"எந்திரி மா, உன் ஸ்டேசன் வந்துச்சி."

விழித்துப் பார்த்தால், நான் பிடித்திருந்தது வேறொருவர் கை. புடவைமேல் காக்கிச் சட்டை போட்ட, முன்பின் பார்த்திராத ஒரு பெண்மணி. என் பை அவர் மடியில் இருந்தது. பெட்டியில் எங்களைத் தவிர யாருமே இல்லை. அவசரமாக இறங்கினோம். நான் வாசலைத் தேடினேன். அவரோ எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போகக் கிளம்பினார்.

"நீங்க எங்க போவணும்?" என்று கேட்டேன்.

"எண்ணூரு. போன ஸ்டேசன்."

எனக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்தது. பூக்கார அக்கா திருவொற்றியூரில் இறங்கும்போது என்னை ஒரு நர்ஸ் பெண்ணிடம் ஒப்படைத்தாராம். அந்தப் பெண் கத்திவாக்கத்தில் இறங்கும்போது இவரிடம்.

"எண்ணூர்ல பொட்டி காலியாயிடுச்சி. உன்னிய யார் கையில குடுக்கறது? எழுப்பினேன். அம்மான்னு சொல்லி கைய இறுக்கிப் புடிச்சிகினே. அப்பால எப்டி எறங்கறது?"

"உங்க வேலை?"

"மேஸ்திரி கத்துவான். கத்திகினு போறான். நீ ஓடு, டைம் ஆவுது."

அழுகை வந்தது. அழ நேரமில்லை, ஓடினேன். கேட்டை மூடுவதற்குள் உள்ளே போய்விட்டேன்.

இப்போதும் அந்தக் கம்பெனியில்தான் வேலை. காய்ச்சல் வந்தால் அம்மா வீட்டில் படுத்துக்கொள்கிறாள். எண்ணூரில் ரயில் நிற்கும்போதெல்லாம் அந்தக் காக்கிச் சட்டையைத் தேடுகிறேன். இன்னும் கண்ணில் படவில்லை. சொந்த முயற்சியால் முன்னுக்கு வந்தவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தக் கேட் வரைக்கும் நான் தூங்கிக்கொண்டே வந்தவள் என்பது எனக்கல்லவா தெரியும்.