மாதாவை இறக்காத வீடு

தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக வரும், பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, அக்காவைப் பார்க்கச் செமிலிங்கில் பஸ் ஏறி, சுங்கைப்பட்டாணியில் மாறி, கோலா கெத்திலில் இறங்கியபோது பத்து இருக்கும். கட்டணம் ஏழு வெள்ளி போல. அக்கா மகன் அந்தோணி காடியை ஓட்டிவந்து காத்து நின்றான். தோட்டம் அங்கிருந்து ஐந்து மைல். ரப்பர் மரங்கள் போய் வழியெல்லாம் செம்பனை. தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். குடியிருப்பது அக்கா ஒருத்திதான். வயது எண்பது.

"சின்னம்மா, அம்மாவ டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி சாப்பிட வைங்க. நான் வீட்டக் கழுவி விடுறேன்," என்றான் அந்தோணி. நல்ல பிள்ளை என்று நினைத்தேன். அவனே எங்களைப் பசாரில் இறக்கிவிட்டான்.

"உறைப்பே இல்ல, ஆஸ்பத்திரி சோறு மாரி," என்று பழித்துக்கொண்டே அக்கா தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

திரும்ப டாக்சிக்குப் பதினைந்து வெள்ளி. "அந்தத் தோட்டத்துல இன்னும் ஆளுங்க இருக்காங்களா, பாட்டி?" என்று கேட்டார் டிரைவர்.

"நான் என்ன பேயா, தம்பி?" என்றாள் அக்கா.

வாசலில் ஒரு லோரி நின்றது. கட்டில், அலமாரி, அடுப்பு எல்லாம் அதன்மேல்.

"என் பிளாட்ல ரூம் ரெடிலா, அம்மா. இங்க தண்ணிகூட ஒழுங்கா வரல. நீங்க விழுந்தா யாரு பாக்குறது?" என்றான் அந்தோணி.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். "என்னைய வச்சே உங்கம்மாவ ஏமாத்துனியேடா!" என்று கத்தினேன். லோரிக்காரர் தலை குனிந்துகொண்டார்.

அக்கா உள்ளே போனாள். வெறும் வீட்டில் மாதா சுரூபம் மட்டும் சுவர்ப்பலகையில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் வீடு மாறும்போது, அந்த வீட்டுக்காரிதான் செபமாலை சொல்லித் தன் கையால் மாதாவை இறக்க வேண்டும். வேறு யாரும் தொடமாட்டார்கள். அந்தோணிக்கும் கை வரவில்லை.

"மாதாவத் தூக்க என்னயக் கேக்கணும்னு தெரியுது. என்னயத் தூக்கிட்டுப் போக யாரடா கேட்ட?" என்றாள் அக்கா.

மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்துச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தோணி வெகுநேரம் வாசலிலேயே நின்றான். பிறகு லோரிக்காரரிடம் ஏதோ சொன்னான். அடுப்பு முதலில் இறங்கியது.

"கட்டிலையும் இறக்கு. சின்னம்மா இன்னைக்கு இங்கதான்," என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.

ஞாயிறு மதியம் பஸ் ஏறினேன். கோபம் ஆறவில்லை. முன்பு மகள் என்னைச் செமிலிங்குக்குக் கூட்டிவந்தபோது, அவள் வீட்டில் எனக்கும் இப்படித்தான் ஒரு அறை ரெடியாக இருந்தது. என்னையும் யாரும் கேட்கவில்லை. அன்று நான் மாதாவை இறக்கிக் கொடுத்துவிட்டேன்.

பஸ் கட்டணம், மைல் கணக்கு, நேரம் எல்லாம் தப்பாக இருக்கலாம். தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். அந்த லயத்தில் ஆள் இருக்கிறது. அதை மட்டும் திருத்த வேண்டாம்.