பதினோரு நாள் பேப்பர்

திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கு வேன் ஓட்டும் ஜெசிந்தா, ஏழு ஆண்டுகளாக ஓமந்தூர்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாள். வண்டி ஓட்டத்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பானெட்டைத் திறந்தால் எதைப் பார்ப்பது என்பதை மெக்கானிக் கடையில் நின்று, கேட்டுக் கேட்டு, அவளாகவே தேறினாள்.

பவர் ஸ்டீயரிங் ஆயில் ஊற்றவும் அவளிடம் முறை உண்டு. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், சக்கரம் நேராக இருக்க வேண்டும், எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். திறக்கும் முன் மூடியைச் சுற்றித் துடைப்பாள். பொடி மண் விழுந்தாலும் பம்பு பாழ். ஆயில் டப்பாவின் மேல் அளவுக்கோட்டுக்கு ஒரு நூல் கீழே நிறுத்திவிடுவாள்.

அப்படி ஊற்றியும் இந்த வருஷம் பள்ளி திறந்ததிலிருந்து ஆயில் நிற்கவில்லை. திருப்பும்போதெல்லாம் வண்டி முனகியது. ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்தது. வேன் முதலாளி பிரேம்குமாரிடம் சொன்னாள்.

"கொறஞ்சா ஊத்தும்மா. அதுக்குத்தான பாட்டில் பாட்டிலா வாங்கிக் குடுத்துக்கினு இருக்கேன்."

"ஊத்துறது எங்க போவுதுன்னு பாக்க வேணாமா சார்?"

"பழைய வண்டி. கொஞ்சம் குடிக்கும்."

குடிக்குமாம், எருமை மாதிரி. பொம்பளைக் கைக்கு ஸ்டீயரிங் கனமாகத்தான் தெரியும் என்று மற்ற டிரைவர்கள் சொன்னதுதான் அவருக்கு நம்பும்படி இருந்தது.

அன்று முதல், மாலையில் வண்டியை நிறுத்தியதும் அன்றைய பேப்பரை அடியில் விரித்துவைத்தாள். காலையில் சிவப்புக் கறை இருக்கும். எப்போதும் ஒரே இடம், ஸ்டீயரிங் ஆயில் போகும் ஓஸ் குழாயின் கிளாம்புக்கு நேர் கீழே. முதல் நாள் பொட்டு அளவு, பதினோராம் நாள் தோசை அளவு. தேதியும் பேப்பரிலேயே இருக்கிறது, யாரும் மறுக்க முடியாது. அத்தனையையும் அடுக்கி எடுத்துக்கொண்டு அவருடைய உரக்கடைக்குப் போனாள்.

பிரேம்குமார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒன்றை வெகுநேரம் பார்த்தார்.

"அட, மல்லாட்டை மூட்டைக்கு இந்த வெலை போயிருக்குதா? எவனும் சொல்லலியே!"

"கறையப் பாருங்க சார்."

"அதாம்மா, கறைதான் மறைக்குது. மீதி கடலை வெலைய படிக்க முடியல."

ஜெசிந்தாவுக்குப் பேப்பரைப் பிடுங்கிக் கிழிக்கலாம் போலிருந்தது. "ஓஸ மாத்துங்க சார். இல்லன்னா நாளைக்குப் புள்ளைங்கள ஏத்த மாட்டேன். நீங்களே ஓட்டிக்குங்க." சொல்லிவிட்டாளே தவிர, இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

"ஓட்டிக் காட்டுறேன். இருவது வருஷம் அம்பாசிடர் ஓட்டின கை இது."

மறுநாள் காலை ஆயிலை அளவாக நிரப்பிவிட்டுப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். காலி வேன் நேர்ச்சாலையில் சமர்த்தாக ஓடியது. அவர் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். ஓமந்தூர் ஏரிக்கரையில் பிள்ளைகள் காத்திருக்கும் இடத்தில் வண்டியைத் திருப்ப வேண்டும். ஒடித்தார். ஓஸ் படீரென்று பிளந்தது. வேன் வேப்பமரத்துக்கு நேரே போய் நின்றது. பின்னால் எடுத்து மறுபடி ஒடித்தார், மறுபடி வேப்பமரம்.

"ஒடிங்க சார், இன்னும் ஒடிங்க!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"இன்னா சார், ஜெசிந்தாக்கா ஒரே அடில திருப்புவாங்க!"

பின்னால் ஒரு டிராக்டர்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். பிரேம்குமார் சட்டை நனைந்து இறங்கினார். வண்டிக்கடியில் மண் சிவந்திருந்தது. அன்றைக்குப் பிள்ளைகளை டவுன் பஸ்ஸில் ஏற்றி, பள்ளி வரைக்கும் கூடவே போய் விட்டுவந்தாள் ஜெசிந்தா.

திரும்பி வந்தபோது மெக்கானிக் அந்தோணிசாமி புது ஓஸ் மாட்டிக்கொண்டிருந்தார். பிரேம்குமார் அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்: "நான் ஓட்டுனதாலதான் தெரிஞ்சுது. இந்தம்மா சும்மா ஆயில ஊத்திக்கினே இருந்திருக்குது."

ஓஸ் மாட்டி முடிந்ததும் ஜெசிந்தா புது ஆயில் ஊற்றி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, காற்றுக் குமிழி அடங்கும் வரை ஆயிலைப் பார்த்தாள்.

மறுநாள் காலை பேப்பரில் கறை இல்லை. ஒரு நாளை வைத்து நம்ப முடியாது. இன்னும் இரண்டு நாள் விரித்துப் பார்த்தாள். இல்லை. ஏரிக்கரையில் ஒரே அடியில் திருப்பி நிறுத்தியபோது போன் அடித்தது. பிரேம்குமார்.

"ஜெசிந்தா, ஆயில் ஊத்தினியா?"

"அளவா இருக்குது சார்."

"எதுக்கும் ஒரு மூடி ஊத்தி வையேன்."



"புள்ளைங்க ஏறிட்டாங்க சார், போன வச்சிடறேன்."