சரித்து வைத்த சூரியக் கடிகாரம்

தெருவில் அந்தக் கொத்தனாருக்கு ‘ரசமட்டம்’ என்றே பெயர். தரையோ கட்டிலோ நூலளவு சாய்ந்திருந்தாலும் மனிதருக்குத் தூக்கம் பிடிக்காது. கல்யாணமான முதல் ராத்திரி முழுக்கக் கட்டில் காலுக்கு அட்டை செருகியே விடியவைத்தாராம். அப்படியும் எப்படியோ ஒரு மகள் பிறந்தாள்.

அவளுக்குச் சூரியக் கடிகாரப் பித்து. நேர் வடக்கே, குளிர்தேசத்துக்கு வேலைக்குப் போனவள், அங்கே அதே பித்துப் பிடித்த கூட்டத்தோடு சேர்ந்து கண்டதையெல்லாம் வகை பிரித்தாள். தரையில் மல்லாந்து கிடப்பது ஒன்று, சுவரில் ஒட்டி நிற்பது ஒன்று, ஆளே நடுவில் நின்று நிழல் தருவது இன்னொன்று.

“நீ மல்லாந்த வகைப்பா. அம்மா சுவர் வகை, அதுலயும் வடக்குப் பாத்த சுவர். எப்பவாவதுதான் வெளிச்சம்!” என்று போனில் சிரிப்பாள்.

போன குளிர்காலத்தில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. உடலை அங்கேயே அடக்கம் செய்தார்கள். அவள் தன் கையால் செதுக்கிய கல் கடிகாரம் மட்டும் அந்தக் கூட்டத்துத் தோழி ஒருத்தியோடு வீடு வந்து சேர்ந்தது.

அப்பன் முற்றத்தில் மேடை கட்டி, ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்து, கல்லைப் பதித்தார். உச்சிப்பொழுதில் மணி சரி. காலையிலும் மாலையிலும் தப்பு. இரண்டு முறை இடித்துக் கட்டியும் தப்பு. பிள்ளை செய்ததே பொய் சொல்வது போல அவருக்குப் பட்டது.

“அப்பா, இதை நாங்க ‘இடம் மாறினது’ன்னு தனி வகையா வைப்போம்” என்றாள் தோழி. “அவ ஊருக்குன்னு செதுக்கினது. தெக்குப் பக்கத்தைத் தூக்கி வடக்கே நல்லாச் சரிச்சா சரியாயிடும்.”

“சரிக்கறதா? என் கையாலயா? வேற ஆளைப் பாரும்மா!”

“பூமி உருண்டைதானேப்பா? இங்கருந்து பாத்தா, அவ நடந்த தரையே அந்தச் சரிவுதான்.”

மறுநாளே அவர் மேடையைச் சரிவாகப் பூசினார்.

காலை வெயிலில் நிழல் மணிக்கோட்டில் கச்சிதமாக விழ, தோழி கைதட்டினாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. கல்லின் பக்கத்தில் கால் ஊன்றி, உடம்பை விறைப்பாக வடக்கே சாய்த்தார். இன்னும் சாய்த்தார். மனைவி துணிவாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

“விழுந்துடப் போறீங்க! என்ன கூத்து இது?”

“இப்படித்தாண்டி நின்னிருப்பா நம்ம புள்ள.”

அவள் பிடி இறுகியது. “இவ்வளவு சாஞ்சா?”

“விட்டுடாத” என்றார். “கொஞ்ச நேரம் இப்படியே புடிச்சுக்க.”