பள்ளிப்பட்டான் மகள்

ஒரு முன்னங்காலைத் தூக்கி, முழங்காலில் மடக்கி, அதைக் கீழே வைக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவளைப் போல மேகலா அந்தரத்தில் ஒரு கணம் நிறுத்தி வைப்பாள். அந்தக் கணத்தில் ஏரிக்காற்றும் நின்றுவிட்டதுபோல் இருக்கும். மார்கழிப் பனியில் அவள் மூக்கிலிருந்து வரும் ஆவி கலையாமல் அப்படியே தொங்கும். பிறகு குளம்பு மணலைத் தொடும், சத்தமே வராது. கண்ணை மூடினால் இன்றைக்கும் எனக்கு அது தெரிகிறது. பிள்ளைகளா, உங்கள் அப்பன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் அழகு பண்ணத் தெரியாது. ஆனால் அந்தப் பெண் குதிரையையும், அவளை வளர்த்த மேஜர் ஐயாவையும், நான் செய்த ஒரு தப்பையும் நீங்கள் என் கையெழுத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது.

சோழவரம் ஏரிக்கு வடக்கே, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஐயாவின் குதிரைப் பண்ணை. இப்போது பஸ்ஸில் போனால் நீளமான கம்பெனிச் சுவர்தான் தெரியும். அறுபதுகளின் கடைசியில் அங்கே சவுக்கு இலை உதிர்கிற சத்தம்கூடக் கேட்கும். ஐயா பட்டாளத்தில் இருந்து, காலில் குண்டடி பட்டு ஓய்வு பெற்றவர். தரையில் நடந்தால் நொண்டுவார்; குதிரைமேல் உட்கார்ந்தால் அவருக்கு நான்கு நல்ல கால்கள். குதிரை வைத்திருந்த மற்றவர்கள் எல்லோரும் கிண்டிப் பந்தயத்தைக் கனவு கண்டபோது, இவர் மட்டும் ‘டிரெஸ்ஸாஜ்’ என்று ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். மேலே இருப்பவர் கையை அசைத்ததோ காலை அழுத்தியதோ வெளியே தெரியக்கூடாது. குதிரை தானாக நினைத்துச் செய்வதுபோல வட்டம் போட வேண்டும், பக்கவாட்டில் நடக்க வேண்டும், நின்ற இடத்திலேயே தாளம் தப்பாமல் மிதிக்க வேண்டும். லாடம் அடிக்க வருகிறவர் இதைப் பார்த்துவிட்டு, “இன்னா சார், லாடத்த உட்டுட்டு சலங்க கட்டி உடட்டுமா?” என்று கேட்பார். ஐயாவுக்கு மூக்கு சிவந்துவிடும். “நாட்டியம் இல்லய்யா இது. ஒழுக்கம்” என்பார்.

கல்யாணமான புதிதில் நானும் உங்கள் அம்மாவும் அந்தப் பண்ணையிலேயே ஓர் அறையில் குடியேறினோம். எனக்குக் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை, அவளுக்கு ஏரிக்கரையில் புல் அறுக்கிற வேலை.

ஐயாவுக்கு ரத்தம்தான் எல்லாம். அவருடைய அறைச் சுவர் முழுக்கக் கோடு போட்டு, ஒவ்வொரு குதிரைக்கும் தகப்பன், தாய், அவற்றின் தகப்பன், தாய் என்று ஏழு தலைமுறை எழுதி வைத்திருந்தார். வேர் மேலேயும் கிளை கீழேயும் இருக்கிற மரம்போல இருக்கும். கிண்டியில் ஓடி ஓய்ந்த ராணி என்கிற குதிரையை வாங்கி, கப்பலில் வந்த ஒரு வெளிநாட்டு ஆண் குதிரையிடம் லாரியில் ஏற்றிப் போய்ச் சேர்த்துக் கொண்டுவந்தார். அதற்குப் பிறக்கிற குட்டிதான் தன் கனவுக் குதிரை என்று சுவரில் இடம்கூட ஒதுக்கிவிட்டார்.

சினை பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அன்று ஒரு வழக்கம் உண்டு. நடுவில் கனத்த பலகைத் தடுப்பு. ஒரு பக்கம் பெண் குதிரை. மறுபக்கம் அதற்கென்றே வைத்திருக்கும் மட்டமான ஓர் ஆண் குதிரை. அவன் பலகைக்கு மேலாக முகர்ந்து பார்ப்பான். அவள் கத்தி உதைத்தால் சினை. சாந்தமாக நின்றால் சினையில்லை. அத்துடன் அவனைத் திருப்பிக் கொண்டுபோய்க் கட்டிவிடுவோம். பாவப்பட்ட உத்தியோகம். எங்கள் பண்ணையில் அந்த வேலைக்கு இருந்தவன் வடக்கத்தி நாட்டுக் குதிரை. பள்ளிப்பட்டில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போய்க்கொண்டிருந்தவனை வாங்கி வந்ததால் அவனைப் பள்ளிப்பட்டான் என்றே கூப்பிட்டோம். யாராவது வாளியைத் தட்டினால் மேளம் என்று நினைத்துக் காலைத் தூக்குவான்.

ராணி திரும்பி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆடி அமாவாசை. எல்லோரும் திருவள்ளூர்க் கோயிலுக்குப் போய்விட்டார்கள். இரண்டு ஆள் பிடிக்க வேண்டிய வேலையை, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நான் ஒருவனாகச் செய்தேன். மழை பிடித்துக்கொண்டது. ராணி சாந்தமாக நின்றாள். அதாவது, வெளிநாட்டுக் குதிரையிடம் போய் வந்தது வீண். அவளை அவிழ்க்கத் திரும்பினேன். தடுப்பின் கொண்டியைப் போட்டேனா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பலகை விழுந்த சத்தம் கேட்டது. பள்ளிப்பட்டான் இந்தப் பக்கம் வந்துவிட்டான். மழையில் இரண்டு குதிரைகளுக்கு நடுவே தனியாளாக என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மாலையில் ஐயா வந்து, “என்னப்பா, உதைச்சாளா?” என்று கேட்டார்.

“உதைச்சாங்கய்யா. நல்லாவே உதைச்சா.”

அந்த ஒரு பொய்தான். அது வளர்ந்து நான்கு கால்களோடு வெளியே வந்தது. குட்டி பிறக்க வேண்டிய நாளைத் தாண்டி மூன்று வாரம் கழித்துப் பிறந்தது. ஐயா அதற்கும் சந்தோஷப்பட்டார். “உள்ளேயே நின்னு பழுத்திருக்குய்யா, நல்ல ரத்தம்னா அப்படித்தான்.” மேகலா வளர வளர அவள் காதுகளின் நுனிகள் உள்பக்கமாக வளைந்தன. உண்மை தெரிந்த ஒரே ஆள் உங்கள் அம்மா. “உங்க ஐயாவுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ரெண்டு காதும் ஒண்ணுக்கொண்ணு ரகசியம் பேசிக்கினு கீது. பள்ளிப்பட்டான் காது அப்பிடியே இல்ல?” என்பாள். நான் அவள் வாயைப் பொத்துவேன்.

ஐந்து வயதில் மேகலா நடந்த நடையை எப்படிச் சொல்வேன்? சோழவரத்தில் மோட்டார் பந்தயம் நடக்கிற நாட்களில் அந்த இரைச்சல் ஏரியைத் தாண்டி வரும். அதற்கு நடுவிலும் அவள் தண்ணீரில் மிதக்கிற இலை மாதிரி வட்டம் போடுவாள். ஐயா மேலே இருக்கிறார் என்பதே மறந்துபோகும். நின்ற இடத்தில் மிதிக்க அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. ஐயா அதை அந்த வெளிநாட்டு ரத்தத்தின் பெருமை என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ, பள்ளிப்பட்டின் ஏதோ ஒரு தெருவில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், பூமாலை போட்டுக்கொண்டு மேளத்துக்குக் கால் தூக்கும் ஒரு குதிரை தெரியும்.

பிறகு வடக்கேயிருந்து ஒரு பெரிய பண்ணைக்காரர் வந்தார். மேகலாவைக் குட்டி ஈனுவதற்காகக் கேட்டார். அவருக்கு அவள் நடை தேவையில்லை. சுவரில் இருந்த ஏழு தலைமுறைதான் தேவை. ஐயாவும் மனசில்லாமல் ஒப்புக்கொண்டார். பத்திரத்தில், சினை சோதித்த ஆள் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அவள் இனி ஆடவே மாட்டாள். அதுவும் ஒரு பொய்யின் பேரில். போடாவிட்டால் எனக்கு வேலை இல்லை, வீடு இல்லை. ஏழு வருஷம் காத்திருந்து உங்கள் அம்மா அப்போதுதான் மூத்தவளைச் சுமந்துகொண்டிருந்தாள்.

அவளிடம் சொன்னேன். தலையிலிருந்த புல்லுக்கட்டை இறக்கி வைத்தாள். “நீ போய் சொல்லினு வா. நான் அதுக்குள்ள மூட்டையக் கட்டி வெக்கறேன்” என்றாள். திட்டினாளா, தைரியம் சொன்னாளா என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். “அன்னிக்கு மழையா?” என்று மட்டும் கேட்டார். “ஆமாங்கய்யா.” “மூணு வாரம்” என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். பிறகு, “காலையில உன்னை இங்கே நான் பார்க்கக் கூடாது” என்றார்.

கும்மிடிப்பூண்டியில் உங்கள் அம்மாவின் மாமா வீட்டுக்குப் போனோம். அங்கே அப்போதுதான் ஒவ்வொரு பாக்டரியாக எழும்பிக்கொண்டிருந்தது. இரும்புக் கம்பி இறக்குகிற வேலை கிடைத்தது. மூத்தவள் பிறந்தாள். எட்டு மாதம் ஐயாவிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. மேகலா போய்விட்டாள் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் லாடம் அடிப்பவரை ரயிலடியில் பார்த்தேன். “அத்த எங்கய்யா வித்தாரு? அங்கதான் கீது. ஞாயித்துக்கெழம மெட்ராஸ்ல போட்டியாம், போய்ப் பாரு” என்றார்.

பாசஞ்சர் ரயிலில் போய், கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு நின்றேன். உள்ளே நாற்காலிகளில் பெரிய மனிதர்கள். ஒவ்வொரு குதிரை வரும்போதும் ஒலிபெருக்கியில் அதன் பெயரையும் அதன் தாய் தகப்பன் பெயரையும் இங்கிலீஷில் வாசித்தார்கள். எல்லாம் சீமைப் பெயர்கள். மேகலாவின் முறை வந்தது. தாய் ராணி என்றார்கள். அப்புறம் வாசிப்பவருக்கு நாக்கு புரளவில்லை. தடுமாறி, இன்னொரு முறை எடுத்து, “பள்ளிப்பட்டான்” என்றார். நாற்காலிகளில் யாரோ சிரித்தார்கள். அது பரவியது. அந்தப் பெயரை எழுதிக் கொடுக்க ஐயா ஒருவரால்தான் முடியும்.

அவர் முகத்தில் ஒரு ரோமம் அசையவில்லை. நடுவில் வந்து நின்று, தொப்பியைக் கழற்றி வணங்கினார். மேகலா நகர்ந்தாள். அதன் பிறகு சிரிப்பு கேட்கவில்லை, பேச்சும் கேட்கவில்லை. வெயிலில் மணல் வெள்ளையாக இருந்தது, அவள் நிழல் அவளோடு கூடவே பக்கவாட்டில் நடந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பரிசு வேறு ஒரு குதிரைக்குப் போனது.

கூட்டம் கலைகிறபோது அவளை நடத்திக்கொண்டு என் பக்கமாக வந்தார். நான் கும்பிட்டேன்.

“பார்த்துக்கிட்டே நின்னா? தண்ணி காட்டு” என்றார்.

கயிற்றுக்கு அடியில் குனிந்து போய் வாளியைப் பிடித்தேன். அவள் குடிக்கத் தொடங்கினாள். அவர் வேறு எங்கோ பார்த்தபடி கேட்டார்.

“வீட்டுல என்ன குழந்தை?”

“பொண்ணுங்கய்யா.”

“யாரைக் கொண்டு பொறந்திருக்கு?”

“அவங்க அம்மாவத்தாங்க.”

“அப்போ பொழைச்சுது” என்றார். நொண்டிக்கொண்டே முன்னால் நடந்தார். நான் மேகலாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.