ஹலால் பென்ஷனுக்குப் பத்து பேர்

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் தோல்பை செய்யும் கம்பெனியில் கணக்கெழுதும் பூலோகம் அண்ணாச்சிக்கு வட்டி என்றால் உயிர். பஸ் நெரிசலில் நசுங்கிக்கொண்டே கூட்டு வட்டியை மனக்கணக்காகப் போட்டுப் பார்த்துத் தனியாகச் சிரிப்பார். அப்படிப்பட்டவர்தான் வட்டியில்லாத பென்ஷனுக்கு வீடு வீடாக ஓட்டுக் கேட்பதுபோல ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று.

இந்த வருஷம் முதலாளி சேட் ஒரு பென்ஷன் திட்டம் கொண்டுவந்தார். தொழிலாளி மாதம் ஐந்நூறு போட்டால் கம்பெனியும் ஐந்நூறு போடும். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், தையல் சூப்பர்வைசர் ஷைஸ்தாவைத் தவிர. கடையநல்லூர்க்காரி, பதினாறு வருஷ சர்வீஸ், வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்தி.

“வட்டி வார பென்ஷன் ஹராம் அண்ணாச்சி. எனக்கு வேண்டாம்.”

“வயசான காலத்துல என்ன செய்வே?”

“அல்லாஹ் பாத்துக்கிடுவான்.”

“அவரு பாத்துக்கிடுவாரு. சேட்டு ஐநூறு போயிருமேம்மா!”

அந்த ஐந்நூறு வீணாவது பூலோகத்துக்குப் பொறுக்கவில்லை. பென்ஷன் கம்பெனி கொடுத்த புத்தகத்தைப் புரட்டியதில், கடைசிப் பக்கத்தில் ஷரியத்துக்கு ஒத்த பிரிவு ஒன்று அகப்பட்டது. பணம் வட்டிக்குப் போகாது; பங்குகளில் போகும். லாபமோ நஷ்டமோ வந்ததை ஏற்க வேண்டும். சாராயம், புகையிலை, சூதாட்டம், பன்றி இறைச்சி விற்கும் கம்பெனிகள் கூடாது. பேங்குகளும் கூடாது. பேங்கைச் சாராயத்தோடு சேர்த்துத் தள்ளிவைத்தது அச்சுப் பிழையோ என்று பூலோகம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

குர்லாவில் மார்க்கத் தீர்ப்பு சொல்லும் ஒரு முஃப்தியிடம் ஷைஸ்தா கேட்டுவந்தாள், சரி என்றுவிட்டார். ஆனால் அந்தப் பிரிவில் குறைந்தது பத்து பேர் சேர வேண்டும், சனிக்கிழமைக்குள். கட்டிங் மாஸ்டர் ஜஹாங்கீர் உள்பட, கம்பெனியில் முஸ்லிம்கள் மொத்தமே ஆறு பேர். மற்ற ஐவரும் உடனே பிரிவு மாறினார்கள்.

இன்னும் நாலு பேர். பூலோகம் சாப்பாட்டு நேரத்தில் விலக்குப் பட்டியலை உரக்கப் படித்தார். தூக்குச்சட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தாள் பிசின் ஒட்டும் முப்பிடாதியம்மாள்.

“என்னது, சாராயக் கம்பெனிக்கு எம் பணம் போவாதா?”

“ஒத்தப் பைசா போவாது.”

“எங்க வீட்டுக்காரரு குடுத்ததே ஏழு தலைமுறைக்குக் காணும். எங்க போடணும் கையெழுத்து?”

அடுத்தவள் முத்துமாரி, அவள் புருஷன் வாயில் குட்கா இல்லாத நேரம் தூங்கும் நேரம்தான். ஸ்ரீதேவி காரணம் சொல்லாமல் போட்டாள். அவள் புருஷன் மட்கா சூதாடுவது தாராவிக்கே தெரியும். பன்றி இறைச்சியைப் பற்றி மட்டும் யாருக்கும் தனிப்பட்ட புகார் இல்லை.

ஒன்பது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கும் அதே ஒன்பது. ஷைஸ்தா மேஜை முன்னால் வந்து நின்றாள்.

“ஒரு ஆள் குறையுது அண்ணாச்சி.”

“குறைஞ்சா என்னய ஏன் பாக்கே? நான் வட்டி ஆளும்மா. அறுபது வயசுல எவ்வளவு வரும்னு பைசா சுத்தமா போட்டு வச்சிருக்கேன். இதுல லாபம் வந்தா உண்டு, வராட்டி இல்ல. இதெல்லாம் ஒரு திட்டமா?”

சொன்ன பிறகுதான் ஷைஸ்தாவுக்குப் பின்னால் அந்த மூன்று பெண்களும் நிற்பதைக் கவனித்தார்.

“எங்ககிட்ட தங்கமான திட்டம்னீரு?” என்றாள் முப்பிடாதியம்மாள். “எங்களுக்குத் தங்கம், உமக்கு மட்டும் தகரமா?”

“அப்ப எங்க பேரையும் அடிச்சிரும்” என்றாள் ஸ்ரீதேவி.

பூலோகம் தன் பழைய படிவத்தை எடுத்தார். வட்டிக் கட்டத்தைக் குறுக்கே கோடு போட்டு அடிக்கும் முன் அறுபது வயசுத் தொகையை ஒரு தடவை வாய்விட்டுப் படித்ததாக ஜஹாங்கீர் இன்றும் சொல்லித் திரிகிறான்.

திங்கட்கிழமை பென்ஷன் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் ஹிந்தியில் கேட்டாள்: ஷரியத் பட்டியலில் முப்பிடாதியம்மாள், முத்துமாரி, ஸ்ரீதேவி, பூலோகம் என்று பெயர்கள் இருக்கின்றனவே, தவறுதலாக ஏறிவிட்டதா?

“அந்த மூணு பொம்பளைங்களும் யோசிச்சுத்தான் போட்டாங்க மேடம்” என்று தன் பம்பாய் ஹிந்தியில் சொன்னார் பூலோகம். “தப்பா ஏறினது நான் ஒருத்தன்தான். ஆனா எடுத்துராதீங்க, எங்க ஷைஸ்தா பென்ஷன் போயிரும்.”